வெறும் பாடு

கோட்டை ஆஸ்பத்திரியில் யாரும் நிலைத்ததில்லை. வேலைக்கு வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள். கழிச்சல் நோயோடு ஒரு கப்பல் வந்து நிற்கும். மறுநாள் காலையில் ஆள் இருக்காது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. கோட்டைக்குள் மதிலை ஒட்டி நீளமாக ஒரு கட்டடம். கப்பலில் வந்த மாலுமிகளும் கோட்டைச் சிப்பாய்களும் அங்கே வரிசையாகக் கிடப்பார்கள். அவர்களைத் துடைக்க, துணி மாற்ற, கஞ்சி ஊற்ற, கக்கூசுத் தொட்டி சுமக்க, செத்தால் தூக்கிப்போக ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நாங்கள். ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து போனவர்கள். வலையை இழந்தவன், படகு உடைந்தவன், பங்கு பிரிக்கும்போது ஒன்றும் கிடைக்காதவன். ஏரி சோறு போட்டிருந்தால் ஒருவனும் அந்த நாற்றத்துக்குள் போயிருக்க மாட்டான்.

எங்களுக்குக் கங்காணி என் அண்ணன். நைனா, எங்கள் அப்பா, இறந்த மறு ஐப்பசியில் எங்கள் படகு முகத்துவாரத்து அலையில் மாட்டி இரண்டாகப் போனது. அண்ணன் கரையில் நின்று, மிதந்துவந்த பலகைகளைப் பொறுக்கினான். வலையின் மிதப்புக் கட்டை ஒன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டான். மற்றதை அடுப்புக்குக் கொடுத்தான். பிறகு கோட்டைக்கு வேலைக்குப் போனான். என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். அண்ணன் அதிகம் பேச மாட்டான். நானும் அப்படித்தான். அண்ணி சொல்வாள்: "உங்க ரெண்டு பேரையும் ஒரு படகுல ஏத்தி வுட்டா மீனுங்ககூட தூங்கிடும்."

ஆஸ்பத்திரிக்குப் பெரியவர் ஒரு ஒல்லாந்த வைத்தியர். துரை என்போம். கெட்டவர் இல்லை. நோயாளி இறந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். ஆனால் எங்களை எப்படி நிறுத்தி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பிரம்பை எடுத்தார். அடி வாங்கினவன் அடியோடு போய்விட்டான். கதவைப் பூட்டினார். அகழியில் குதித்துப் போனார்கள். மீன் பிடிக்கிறவனுக்கு அகழி ஒரு தடையா? கடைசியில், சாயங்காலம் ஆளுக்கு ஒரு குவளை சாராயம் என்றார்.

எங்களில் ஒருவன் வாய்க்காரன். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான். அவன் சொன்னான்: "சாராயம் குடுத்தா வருவோம்னு துரை நெனச்சாரு. வந்தோம். குடிச்சோம். போறோம்."

கட்டடத்தின் கோடியில் ஒரு அறை இருந்தது. கடைசி அறை என்போம். பிழைப்பானா மாட்டானா என்று தெரியாதவர்களை அங்கே போடுவார்கள். அங்கே யார் போவது என்பதில்தான் தினமும் சண்டை. பலசாலி போக மாட்டான். அண்ணனுக்கு முன்னால் ஒரு கங்காணி இருந்தான். அவனுடைய சொந்தக்காரன் எவனும் போக மாட்டான். புதிதாக வந்தவன் தலையில் கட்டுவார்கள். அவன் உள்ளே போவான். ஒன்று படுப்பான், இல்லை ஓடுவான்.

அண்ணன் கங்காணி ஆன பிறகு வெகு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் கிணற்றடியில் துணி அலசும்போது என்னிடம் சொன்னான்.

"பயத்துல ஓடலடா இவனுங்க."

"பின்ன?"

"ஏமாந்துட்டோம்னு ஓடறானுங்க. கடலுக்குப் போறவனுக்கு சாவு ஒரு பயமா? அடுத்தவன் தலையெழுத்த நான் ஏன் சுமக்கணும்னு கேக்கறான். நாயந்தான?"

"நாயந்தான். அதுக்கு இன்னா பண்றது?"

"ஏரியில இன்னா பண்றோம்? அத்தத்தான் பண்ணணும்."

ஏரியில் நாங்கள் செய்வது பாடு. ஏரி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரு இடத்தில் இறால் கூடை கூடையாக வரும். ஒரு இடத்தில் சேறுதான் வரும். அதனால் குப்பத்தில் சீட்டுப் போட்டு இடத்தைப் பிரிப்பார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு முறை உண்டு. அதுதான் அவன் பாடு. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை வைக்கக் கூடாது. பாட்டுக்காரன் வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கு அந்த இடம் சும்மா கிடக்கும். வெறும் பாடு என்போம். மீன் வரும், போகும். யாரும் தொட மாட்டார்கள். சாவு வீட்டுக்காரன் பாட்டில் வலை வைப்பது அவன் இலையில் கை வைப்பது போல. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடை பழகும்போதே தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் அண்ணன் எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். ஒரு மண்சட்டியைக் கீழே வைத்தான்.

"ஆளுக்கு ஒரு அடையாளம் போடு. மொதல்ல எடுக்கறது கடைசி அறைக்கு. அப்பறம் முன் அறை, கஞ்சி, துணி, கக்கூசு, தண்ணிப் படகு. எது வருதோ அது அன்னிக்கி அவன் பாடு."

"கங்காணிக்குமா?" என்றான் வாய்க்காரன்.

"கங்காணி இன்னா கண்ணாடில செஞ்சவனா?"

நெட்டையாக ஒருவன் இருந்தான். கடலோரக் குப்பம். வயதான நைனாவைத் தவிர அவனுக்கு யாரும் இல்லை. அவன் வலையில் கட்டும் மண்குண்டு ஒன்றைப் போட்டான். வாய்க்காரன் ஒரு சிப்பி போட்டான். நான் ஒரு தூண்டில் முள்ளைப் போட்டேன். "எடுக்கறவன் கைய கிழிக்கணும்னே போடறான் பாரு," என்று சிரித்தார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு நண்டு ஓட்டைப் போட்டேன். அண்ணன் மடியை அவிழ்த்து அந்த மிதப்புக் கட்டையைப் போட்டான்.

ஒருவர் மட்டும் எங்கள் ஆள் இல்லை. ஊருக்குள் துணி நெய்தவர். தறியை விட்டுவிட்டு வந்தவர். எங்களைவிடப் பெரியவர். தறிக்காரர் என்று கூப்பிடுவோம். அவர் ஒரு நூல் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"எங்க தெருவுல பாடு கீடெல்லாம் கிடையாது கங்காணி."

"இந்தத் தெருவுல உண்டு பெரியவரே. போடுங்க."

போட்டார்.

சட்டியில் யார் கை விடுவது என்று ஒரு பேச்சு வந்தது. அவன் விட்டால் இவனுக்குச் சந்தேகம். அண்ணன் உள்ளே போய், காய்ச்சல் தேறி நடமாடிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயைக் கூட்டிவந்தான். செம்பட்டை முடி. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இவனுக்கு நம்மள்ல மாமன் மச்சான் எவனும் கிடையாது," என்றான் அண்ணன்.

அதிலிருந்து தினமும் காலையில் தேறின நோயாளி ஒருவன் வந்து எடுப்பான். அவர்களுக்கும் அது பிடித்துப்போனது. கிணற்றடி வரைக்கும் நடந்துவந்து சட்டியில் கை விட்டுவிட்டால் இனிமேல் சாக மாட்டோம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நடக்க முடியாதவன்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு கப்பல் வந்தது. பாதிப் பேர் படுக்கையில் வந்தார்கள். எங்களில் ஒருவனும் ஓடவில்லை. கடைசி அறை விழுந்தவன் முணுமுணுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் போனான். அண்ணனுக்கு விழுந்த நாளில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள், நிஜமாகப் போகிறானா என்று. போனான். பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து கை கால் கழுவினான். அதற்கப்புறம் யாரும் நின்று பார்க்கவில்லை.

துரை, பேச்சை மாற்றிச் சொல்லும் துபாசியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவர்களுக்கு நீ என்ன கொடுத்தாய் என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல துரை. முறை குடுத்தேன்."

துபாசி அதை எப்படிச் சொன்னாரோ. துரை தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஒரு தடவைதான் அது ஆட்டம் கண்டது. தறிக்காரருக்குக் கடைசி அறை விழுந்தது. அன்றைக்கு உள்ளே கிடந்தவனுக்கு உடம்பெல்லாம் புண். தறிக்காரர் வாசலோடு திரும்பிவிட்டார். வாய்க்காரனைத் தனியாகக் கூப்பிட்டு, தானே நெய்த ஒரு துண்டைக் கொடுத்தார். வாய்க்காரன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு கடைசி அறைக்குப் போனான். தறிக்காரர் அவனுடைய கஞ்சி வேலையைப் பார்த்தார். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அண்ணன் பார்த்துவிட்டான். எல்லோரையும் கூப்பிட்டான். வாய்க்காரன் தலையிலிருந்து துண்டை அவிழ்க்கச் சொன்னான்.

"கங்காணி, நான் இஷ்டப்பட்டுத்தான் போனேன். எனக்கு மூக்கு செத்துப்போயி நாளாச்சி," என்றான் வாய்க்காரன்.

"இன்னிக்கி இஷ்டப்பட்டுப் போவ. நாளைக்கி இவுரு இஷ்டப்படுத்துவாரு. நாளன்னிக்கி குடுக்கத் துண்டு இல்லாதவன்தான் தெனமும் உள்ள கிடப்பான்."

பிறகு தறிக்காரரைப் பார்த்துச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை.

"உன் பாட்டுல நீ நிக்கணும். அடுத்தவன் பாட்டுல நீ நிக்கக் கூடாது. நல்லதுக்குன்னாலும் கூடாது. இன்னொரு தபா சொல்ல மாட்டேன்."

எப்போதும் நீங்க என்று பேசுகிறவன் அன்றைக்கு நீ என்றான். தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கடைசி அறைக்குள் போனார். சாயங்காலம் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவரைப் போலப் பாடு காத்தவர் எங்களிலேயே இல்லை. மற்றவன் பாட்டு வாசலில் நிழல்கூடப் பட விட மாட்டார்.

சித்திரையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. ஏரி வற்றிச் சேறாகக் கிடந்தது. அந்த வெயிலில் வெளியே கடலில் ஒரு கப்பல் வந்து நின்றது. மறுபடி கழிச்சல். கோட்டையில் இடம் இல்லாமல் பாதிப் பேரைக் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். துரை தினமும் படகில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கடைசி அறை அண்ணனுக்கு அடுத்தடுத்து விழுந்தது. சட்டி அப்படித்தான், சில நாள் ஒருவனையே பிடித்துக்கொள்ளும். பிறகு அண்ணனே படுத்துவிட்டான். உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீராகப் போனது. கண் குழிந்துவிட்டது. கடைசி அறையில் பாய் போட்டுக் கிடத்தினோம்.

துரை வந்து பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்து, தோலைக் கிள்ளிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் எங்களிடம் சொன்னார்: "தண்ணி. கஞ்சித் தண்ணி. உப்பு. கொஞ்சம், கொஞ்சம், நிறுத்தாதே. வாய் காயக் கூடாது." பிறகு துபாசியிடம் ஏதோ சொன்னார். துபாசி சொன்னார்: "நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் தாண்டிட்டா பொழைச்சுக்குவான்னு சொல்றாரு."

அன்றைக்கு முழுக்க வாய்க்காரன் பாடு. கதை பேசிக்கொண்டே ஊட்டினான். அண்ணன் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தான்.

மறுநாள் காலையில் சட்டி வைத்தோம். முதலில் மண்குண்டு வந்தது. நெட்டையன், கடைசி அறை. என் நண்டு ஓடு கடைசியில் வந்தது. தண்ணிப் படகு.

கோட்டைக் கிணறு உப்புக் கிணறு. துணிக்கு ஆகும், வாய்க்கு ஆகாது. குடிக்கிற தண்ணீர் ஏரியைத் தாண்டி மேற்குக் கரையில், எங்கள் குப்பத்துக் கிணற்றிலிருந்து வரவேண்டும். படகில் பானைகளை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பி வருவோம். போக வர ஒரு பகல்.

நான் கடைசி அறை வாசலுக்குப் போனேன். நெட்டையன் அண்ணன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"இன்னா?"

"நான் இங்க இருக்கேண்ணா. நெட்டையன் படகுக்குப் போவட்டும்."

"உனக்கு இன்னா வந்துது?"

"படகு."

"அப்ப படகுக்குப் போ."

"ஒரு நாளைக்கிதான்ணா."

"கங்காணி தம்பின்னு ஒரு நாளு மாத்திக்கினா நாளைக்கி எவன்டா நிப்பான்?" மூச்சு வாங்கினான். "போ. மேக்கால கரைக்குப் போவசொல்லோ அண்ணி கண்ணுல படாத. உன் மூஞ்சியப் பாத்தாளே தெரிஞ்சிக்குவா."

நெட்டையன் என்னைப் பார்த்தான். "நான் பாத்துக்கறேன், நீ போ," என்றான். நல்லவன். மனசாரத்தான் சொன்னான். நான் போனேன்.

போகும்போது சிரமம் இல்லை. காலிப் பானை. கிணற்றில் கூட்டமும் இல்லை. நிரப்பிக்கொண்டு திரும்பினேன். பாதி ஏரியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சித்திரையில் அது வழக்கம்தான். கோலை ஊன்றித் தள்ளினேன். இறங்கித் தள்ளினேன். முட்டிக்கு மேல் சேறு. பானைகளில் பாதியைக் கவிழ்த்துவிட்டால் படகு எழும்பும். ஆனால் அது குடிக்கிற தண்ணீர். காற்றுக்குக் காத்திருந்தேன். கடல் காற்று வந்து கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக் கொடுத்தது. அப்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது.

கரையில் பானைகளை இறக்க யாரும் வரவில்லை. எப்போதும் வருவார்கள். வாய்க்காரன் தூரத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். வாய்க்காரன் பேசாமல் போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி அறை வாசலில் ஒரு குவளை இருந்தது. நிறையத் தண்ணீர். அதில் ஒரு ஈ செத்து மிதந்தது. உள்ளே அண்ணன் பாயை விட்டுப் பாதி கீழே கிடந்தான். தலைமாட்டில் ஒரு சொம்பு கவிழ்ந்திருந்தது. அது கவிழ்ந்து நேரமாகியிருக்க வேண்டும். தரையில் ஈரம் இல்லை. அண்ணன் உதடு வெடித்திருந்தது.

நான் அவனைப் பாயில் நேராக்கிக் கிடத்தினேன். தினமும் மற்றவர்களுக்குச் செய்கிற வேலைதான்.

துரை கப்பலிலிருந்து வந்தார். வந்ததும் அறைக்குள் போனார். வெளியே வந்து கத்தினார். துபாசி கேட்டார்: "இன்னிக்கி இங்க யாரு?"

"நெட்டையன் பாடு," என்றான் வாய்க்காரன். "மத்தியானம் அவன் குப்பத்துலேர்ந்து படகு வந்துது. அவன் நைனா செத்துட்டாருன்னு. சொம்புல தண்ணி வச்சிட்டுப் போனான்."

"அப்புறம் யாரு போனாங்க?"

"யாரும் போவல."

"ஏன்?"

"வெறும் பாடு."

துபாசி துரையிடம் சொன்னார். துரைக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். துரை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். புரியாதது அவர் குற்றம் இல்லை. எனக்குப் புரிந்தது. அதுதான் கஷ்டம். நான் கோட்டையில் இருந்து, உள்ளே கிடந்தது வேறு ஒருவனாக இருந்திருந்தால், நானும் அந்த அறைக்குள் போயிருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் குப்பத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணிக்கு முன்பே சேதி போயிருந்தது. அவள் கத்தவில்லை. யார் யார் தூக்கி வருகிறார்கள் என்று பார்த்தாள். வாய்க்காரன், தறிக்காரர், நான், இன்னும் இரண்டு பேர்.

"எல்லாரும் கோட்டைக்காரங்கதான?" என்று கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"நேத்து எல்லாரும் அங்கதான் இருந்தீங்களா?"

பாடையை இறக்கி வைத்தோம்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அண்ணி அரிசியை எடுக்கவில்லை. உள்ளே போனாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, வெடித்த உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அது உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்து மணலில் இறங்கியது. பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. சொம்பு காலியாகும் வரைக்கும் ஊற்றினாள்.

மணலில் புதைத்துவிட்டுத் திரும்பும்போது தறிக்காரர் என் பக்கத்தில் நடந்துவந்தார். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று மெதுவாக நடந்தார்.

"தம்பி, நான் போனேன்."

"எங்க?"

"உங்க அண்ணன்கிட்ட. நேத்து எனக்குத் துணி பாடு. காயப்போட்டுகினு இருந்தேன். உள்ள முனகல் கேட்டுச்சி. ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பல. அது வெறும் பாடு, போவக் கூடாதுன்னாங்க. நான் உங்க ஆளு இல்லையே தம்பி, எனக்கு மனசு கேக்கல. குவளைல தண்ணி எடுத்துகினு வாசலுக்குப் போனேன்."

நான் நின்றுவிட்டேன்.

"என்னப் பாத்தாரு. 'யாரு பாடு?'ன்னாரு. நெட்டையன் பாடு, அவன் நைனா போயிட்டாருன்னேன். 'அப்ப வெறும் பாடு. நீ போ'ன்னாரு. ஒரு வாய் குடிச்சிட்டு என்னா வேணா சொல்லுங்க கங்காணின்னேன். 'உனக்கு எத்தினி தபா சொல்றது'ன்னாரு."

"ஜன்னியில சொல்லுச்சா?"

தறிக்காரர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

"இல்ல தம்பி. தெளிவாத்தான் இருந்தாரு. அன்னிக்கி அத்தினி பேரு எதிர்ல சொன்னாரே, அதே கொரலு. எனக்குக் கால் உள்ள போவல. குவளைய வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன். வந்த அப்பறந்தான் தோணிச்சி, அவரு கைக்கு அது எட்டாதுன்னு. திரும்பிப் போவலாமான்னு நின்னேன். நின்னுகினே இருந்தேன்."

அவர் அழுதார். நான் அவர் தோளில் கை வைத்தேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

காரியம் முடியும் வரைக்கும் நான் கோட்டைக்குப் போகவில்லை. நெட்டையனும் அவன் குப்பத்தில் இருந்தான். அந்த நாட்களில் துரை சட்டியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டாராம். அவரே காலையில் வந்து கையைக் காட்டுவாராம், நீ அங்கே, நீ இங்கே என்று. சில பேர் சொல்லாமல் போய்விட்டார்கள்.

நான் திரும்பிப் போனபோது துரை என்னைக் கூப்பிட்டார். கங்காணி வேலையை நீ பார் என்றார் துபாசி மூலமாக. உன் அண்ணனைப் போல இவர்களை நிறுத்தி வை என்றார். சரி என்றேன். சட்டியை மறுபடி வைக்கலாமா என்று கேட்டேன். துரை என்னை வெகு நேரம் பார்த்தார். பிறகு கையை விரித்தார். உன் இஷ்டம் என்பது போல.

காலையில் சட்டியைக் கிணற்றடியில் வைத்தேன். மிச்சம் இருந்தவர்கள் வந்தார்கள். நெட்டையனும் வந்தான். மொட்டைத் தலை. எனக்கும் மொட்டைத் தலை. அவன் நேராக என்னிடம் வந்து நின்றான்.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்," என்றான். "யாரையாவது உள்ள உக்காரச் சொல்லிட்டு."

"சொல்லிருந்தாலும் போயிருக்க மாட்டாங்க."

"தெரியும்," என்றான்.

நைனாவை அடக்கம் பண்ணிவிட்டு இதையும் சுமந்துகொண்டு வந்திருந்தான்.

சட்டிக்குள் பார்த்தேன். மண்குண்டு, சிப்பி, நூல் முடிச்சு, என் நண்டு ஓடு. அடியில் அண்ணனின் மிதப்புக் கட்டை. யாரும் அதை எடுத்திருக்கவில்லை. எனக்கும் எடுக்கக் கை போகவில்லை.

தேறின மாலுமி ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். சின்ன வயசுக்காரன். கை விட்டு முதல் அடையாளத்தை எடுத்தான். மிதப்புக் கட்டை. அது யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உயர்த்திப் பிடித்துக்கொண்டு, யார் வருவார்கள் என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

கடைசி அறை. அண்ணன் பாடு.

யாரும் அசையவில்லை. செத்தவன் பாட்டில் யார் வலை வைப்பது? எங்களுக்குத் தெரிந்த எந்த முறையிலும் அதற்குப் பதில் இல்லை. உள்ளே யாரோ ஒருவன் முனகினான். நான்தான் கங்காணி. சொல்ல வேண்டியது நான். நான் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தறிக்காரர் எழுந்தார்.

"எனக்கு இன்னும் உங்க பாடு பிடிபடல தம்பி," என்றார். "நான் போறேன்."

போனார். நெட்டையன் குவளையைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான். வாய்க்காரன் உட்கார்ந்தே இருந்தான். பிறகு அவனும் எழுந்து போனான். துரை அந்தப் பக்கமாக வந்தவர், ஒரு நோயாளிக்கு மூன்று பேர் எதற்கு என்று சைகையில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மிதப்புக் கட்டையை மறுபடி சட்டியிலேயே போட்டேன். அது அங்கேயே இருந்தது. அது வருகிற நாளில், கையில் வேலை இல்லாதவன் எல்லாம் கடைசி அறைக்குப் போவான். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. வேறு பாட்டுக்காரன் சாவுச் சேதி வந்து நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தாலும் அப்படியே ஆனது. நான் கங்காணியாக இருந்த வரைக்கும் அந்த அறையில் யாரும் வாய் காய்ந்து சாகவில்லை. வேறு விதமாகச் செத்தார்கள்.

ஒரு நாள் தண்ணிப் படகு எனக்கு விழுந்தது. மேற்குக் கரையில் அண்ணி கிணற்றடியில் இருந்தாள். அண்ணன் போன பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசியதில்லை. கேட்டால் மனம் ஆறும் என்று நினைத்து இதைச் சொன்னேன். அண்ணன் கட்டை இன்னும் சட்டியில் இருப்பதை, அது வந்தால் எல்லோரும் போவதை.

அவள் என் பானையை வாங்கி நிரப்பினாள். அடுத்ததையும் நிரப்பினாள்.

"இப்ப தெரியுது," என்றாள். "அன்னிக்கி ஏண்டா தெரியல?"

நான் பானைகளைப் படகில் ஏற்றினேன். கோலை ஊன்றித் தள்ளினேன். தண்ணீர் நிறைய இருந்தது. படகு தரை தட்டாமல் வந்து சேர்ந்தது.